சிவப்பு மூடிச் சட்டி

ஜூன் 5, வியாழன். பான்.

காலையிலிருந்து மழை. நனைந்துகொண்டே வோன்மொபிலில், வீட்டு வண்டியில், சாமான் ஏற்றினோம். மூன்று ஆண்கள், ஆறு மீட்டர் வண்டி, இரண்டு கிழமை, பதினாலு நாள். ஸ்வீடனின் வடக்கு விளிம்பு வரை போய்த் திரும்புவது. போன வருடமே பதிந்த பயணம். மாற்ற ஏலாது.

ஏற்றியவை: அரிசி பத்துக் கிலோ. வறுத்த மிளகாய்த்தூள் இரண்டு போத்தல். மீன் டின் பன்னிரண்டு. வெங்காயம், உள்ளி. நுளம்பு வலைத் தொப்பி மூன்று, கொசு கடிக்காமலிருக்க. ரூபனின் பியர் நான்கு பெட்டி. என் கத்தி.

குணா தனிப் பெட்டியோடு வந்தான். பருப்பு. சோயாமீற் ஆறு பக்கற், இறைச்சிக்குப் பதிலான சோயாத் துண்டு. சின்ன முருகன் படம். பற்றரி விளக்கு. சிவப்பு மூடி போட்ட சட்டி ஒன்று, அதற்கென்று ஓர் அகப்பை.

"இந்தச் சட்டியில ஒருத்தரும் கை வைக்கப்படாது. இப்பவே சொல்லிப்போட்டன்."

விரதம். மகள் தர்சினிக்கு இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே போய்விட்டன. இது மூன்றாவது. ஏழாம் மாதம் தொடங்குகிறது. டார்ம்ஸ்டாட்டில் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்திருக்கிறார்கள், எழும்பி நடக்கக் கூடாதாம். பேரப்பிள்ளை பிறந்து அழுகிற சத்தம் தன் காதில் விழும்வரை மச்சம் தொடுவதில்லை என்று குணா நேர்ந்திருக்கிறான். இறைச்சி, மீன், முட்டை எதுவும் இல்லை. அதுகள் பட்ட பாத்திரமும் இல்லை.

அப்படிப்பட்டவனுக்கு இப்போது என்ன பயணம் என்று ரூபன் கேட்டான்.

"பிள்ளைதான் போகச் சொன்னவள். அப்பா, நீங்கள் பக்கத்தில இருந்து பெருமூச்சு விட எனக்குப் பிரஷர் ஏறுது எண்டவள்."

குணாவின் மனைவி மலரும் அதையே சொல்லிக் கலைத்திருக்கிறாள். ஆஸ்பத்திரிக்கு நிம்மதி. நாங்கள் அகப்பட்டோம்.

ரூபன் லொறி ஓட்டுகிறவன். நான் முதியோர் இல்லத்துச் சமையல்காரன், உப்பில்லாத உருளைக்கிழங்குக் களி கிண்டுவதில் இருபது வருட அனுபவம். மூன்று பேரும் ஒரே அகதி விடுதியில், ஒரே அறையில், மூன்று வருடம் கிடந்தவர்கள். அதுக்குப் பிறகு வேறு சிநேகிதர் பிடிக்க நேரம் கிடைக்கவில்லை.

ஜூன் 7, சனி. ஸ்வீடன், ஏதோ ஒரு ஏரிக்கரை.

வெயில், ஆனால் குளிர். நேற்றுக் கப்பலில் கடல் கடந்தோம். ரூபன் எண்ணூறு கிலோமீட்டர் ஓட்டினான். இரண்டு பக்கமும் மரம். வேறு எழுத ஒன்றுமில்லை.

வண்டியின் தண்ணீர்த் தொட்டி நூறு லீற்றர். மூன்று பேருக்கு இரண்டரை நாள் காணும் என்று நினைத்திருந்தேன். காலை ஆறு மணிக்குக் குணா தலைமுழுகினான். பச்சைத் தண்ணீர். விரதத்துக்குச் சுடுதண்ணீர் ஆகாதாம். பல் கிட்டுகிற சத்தத்தோடு தேவாரம். பிறகு சட்டியை மூன்று தடவை அலசினான், அகப்பையை மூன்று தடவை. பிறகு மூடியை.

மத்தியானம் தொட்டி காலி. குழாய் ஏரிக்கு மற்றப் பக்கம். கலனோடு ஐந்து தடவை நடந்தது நான். ரூபன் ஓட்டுகிறவன், அவனுக்கு நாரி நோவு, இடுப்பு நிமிராது. குணா விரதகாரன், பாரம் தூக்கினால் களைப்பு வரும்.

அவன் சாப்பிட முதல், சோற்றுக் கோப்பையைப் படம் எடுத்துத் தர்சினிக்கு அனுப்புகிறான். ஒவ்வொரு நேரமும். சோறு, பருப்பு, கத்தரிக்காய். தான் விரதத்தில் பிழை விடவில்லை என்று பிள்ளைக்குக் காட்டுகிறானாம். அவள் ஒரு சிவப்பு இதயம் திருப்பி அனுப்புவாள். அதை எங்களுக்கும் காட்டுவான்.

ஜூன் 8, ஞாயிறு. இன்னும் ஸ்வீடன்.

தூறல். பூசைக்குப் போகாத ஞாயிறு. ஓடுகிற வண்டியில் ஓர் 'அருள்நிறை மரியே' சொன்னேன், பாதியில் ரூபன் கோர்ன் அடித்தான். ரோட்டின் நடுவில் ஐந்து பனிமான்கள். விலகுகிற எண்ணமே இல்லை. வீட்டுக்காரர் மாதிரி நின்று பார்த்தன.

குணாவின் சட்டங்கள், இன்று வரை:

மீன் டின்னை வண்டிக்கு வெளியேதான் உடைக்க வேண்டும்.
மீன் தின்ற வாயோடு முருகன் படம் இருக்கிற தட்டுப் பக்கம் தும்மக் கூடாது.
இடது அடுப்பு அவனுடையது.
என் முழங்கை இடது அடுப்பைத் தாண்டக் கூடாது.

கடைசிச் சட்டம் வாயால் சொல்லப்படவில்லை. நான் உப்பு எடுக்கக் கை நீட்டினேன், அவன் சட்டியைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். குழந்தைப் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி. ரூபன் சிரித்தான். நானும் சிரித்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விடுதியில் ஒரு சட்டிதான் இருந்தது. மூன்று பேரும் ஒரே சட்டிக்குள் கைவிட்டுத் தின்றோம். அப்போது குணாவின் முருகன் எங்கே போயிருந்தார் என்று கேட்க வேண்டும். கேட்கமாட்டேன். பேரப்பிள்ளை விசயம்.

ஜூன் 10, செவ்வாய். யொக்மொக்குக்கு வடக்கே.

தெளிந்த வானம். ஆர்க்டிக் கோட்டைக் கடந்தோம். பலகைக்கு முன்னால் நின்று படம். இனி இரவு கிடையாது, வெளிச்சம் போகாது. நுளம்பும் போகாது. வாயைத் திறந்தால் உள்ளே வருகிறது.

யொக்மொக் கடையில் பனிமான் இறைச்சி வாங்கினேன். உறைந்தது இரண்டு கிலோ, ஐஸ்பெட்டிக்குள் வைத்தேன். காயவைத்தது ஒரு பை, துண்டு துண்டாய், மண்ணிறம். ரூபன் பியரோடு கடிக்கக் கேட்டான்.

பின்னேரம் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

குணா வெளியே போனில் மலரோடு கதைத்துக்கொண்டு நின்றான். இடது அடுப்பில் அவனுடைய பருப்பு. பொங்கி மூடியைத் தள்ளியது. அடிப்பிடிக்கிற மணம் வந்தது. நான் சமையல்காரன். கை தன்பாட்டில் போகும். மூடியைத் திறந்து, கையில் இருந்த அகப்பையால் ஒருதரம் கிண்டினேன். அது மீன் குழம்பு அகப்பை. உண்மைதான். நினைவில்லாமல் செய்தது.

அவன் கதவில் நின்று பார்த்தான். உள்ளே வந்தான், சட்டியைத் தூக்கினான், காட்டு ஓரத்துக்கு நடந்தான், முழுப் பருப்பையும் பாசியில் கொட்டினான்.

"அடிப்பிடிச்சுப்போடும் எண்டுதான் கிண்டினனான்" என்றேன்.

"உங்கட ஆக்களுக்கு இது விளங்காது சீலன்."

"எந்த ஆக்கள்?"

"வேதக்காறர்."

சத்தம் போடவில்லை. டொக்டர் நோயாளிக்குச் சொல்லுகிற மாதிரிச் சொன்னான். பிறகு நான் தூக்கிவந்த தண்ணீரில் சட்டியைக் கழுவத் தொடங்கினான். ஒருதரம் கழுவினான், இரண்டுதரம் கழுவினான். நான் எண்ணிக்கொண்டு நின்றேன். ஏழு.

இரவுக்கு அவன் வெறும் பாண் தின்றான். படம் அனுப்பவில்லை.

முப்பது வருடம். என் கலியாணத்துக்குத் தேவாலயத்தில் மாப்பிள்ளைத் தோழனாய் நின்றவன். என் மனைவி என்னை விட்டுப்போன கிழமை முழுக்கத் துணைக்கு என் வீட்டு சோபாவில் படுத்தவன். வேதக்காறர்.

ஜூன் 11, புதன். கரேசுவாண்டோவுக்குப் போகிற வழி.

மேகம். காற்றில்லை. காலையில் வண்டியை ஓர் ஆற்றங்கரையில் நிறுத்தினோம். நாற்பது கிலோமீட்டருக்கு ஒரு வீடு இல்லை, போனில் ஒரு கோடு இல்லை.

குணாவுக்கு இருமல். பச்சைத் தண்ணீர் வேலை காட்டுகிறது. பத்து மணிக்கு, மேல்தட்டுப் படுக்கையில் சுருண்டு படுத்தவன் தலையை மட்டும் நீட்டிக் கேட்டான்.

"மச்சான், உறைப்பாச் சாப்பிட வேணும் போல கிடக்கு. அந்தச் சோயாமீற்றை ஒருக்காக் காய்ச்சித் தாறியா? என்ர சட்டியில, என்ர அகப்பையால."

நேற்றைக்கு அவ்வளவு நடந்த பிறகு. மன்னிப்புக் கேட்கத் தெரியாதவன் கேட்கிற மன்னிப்பு அது. விளங்கியது. விளங்கியும் செய்தேன். இதைக் கட்டாயம் எழுதிவைக்க வேண்டும்.

காய்ந்த மான் துண்டைச் சுடுதண்ணீரில் ஊறப்போட்டேன். பக்கத்துக் கிண்ணத்தில் சோயாமீற். பத்து நிமிடத்தில் இரண்டும் ஒரே நிறம், ஒரே பருமன். விரலால் அமத்திப் பார்த்துத்தான் எது எது என்று சொல்லலாம். பாதிக்குப் பாதி போட்டேன். பெருஞ்சீரகம் கூட, உள்ளி கூட, தூள் இரண்டு மடங்கு. அவனுடைய சட்டி, அவனுடைய அகப்பை. சொன்ன சொல் தவறவில்லை.

ரூபன் எட்டிப் பார்த்தான். பையைப் பார்த்தான், கிண்ணத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். தடுக்கப்போகிறான் என்று நினைத்தேன். வாயைப் பொத்திக்கொண்டு ஆற்றுப் பக்கம் ஓடிப்போய் இருந்து சிரித்தான்.

ஒரு மணிக்குப் பரிமாறினேன். குணா கோப்பையைப் படம் எடுத்தான். "பொறு பொறு, கையை எடுக்காத. சீலன் மாமாவின்ர சமையல் எண்டு பிள்ளைக்குக் காட்டுவம்." அகப்பையோடு என் கை அந்தரத்தில். எடுத்தான்.

மூன்று தரம் வாங்கித் தின்றான்.

"இருபது வருசம் ஜெர்மன்காறருக்குக் களி கிண்டினாலும் உன்ர கை மறக்கேல்லையடா."

பிறகு கடைவாயில் குச்சியால் கிண்டிக்கொண்டு இருந்தான். வலப்பக்கம், பல்லுப் பிடுங்கின இடைவெளிக்குப் பக்கத்தில். "சோயா பல்லுக்குள்ள சிக்கிறேல்லையே. இதென்ன நார் மாதிரி."

"புது பிராண்டாக்கும்" என்றான் ரூபன்.

அதன் பிறகு நாங்கள் இரண்டு பேரும் ஆற்றங்கரையில் வயிறு நோகச் சிரித்தோம். கண்ணீர் வந்தது. ஒருவனை ஏமாற்றுவதில் இவ்வளவு சந்தோசம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஏழு தடவை கழுவினாயே, இப்போது எதைக் கழுவப் போகிறாய்.

அதே நாள், மாலை.

ஐந்தரைக்குக் கரேசுவாண்டோவுக்குக் கிட்ட வந்ததும் போனுக்கு உயிர் வந்தது. குணாவின் போன் ஒன்பது தடவை அடித்தது. மருமகனும் மலரும்.

தர்சினிக்குப் பன்னீர்க்குடம் உடைந்துவிட்டது. மத்தியானம் இரண்டு மணிக்கு.

ரூபன் கண்ணாடிக்குள்ளால் என்னைப் பார்த்தான். நான் வெளியே பார்த்தேன்.

ஜூன் 12, வியாழன். கரேசுவாண்டோ.

மழை. விடிய நான்கு மணிக்கு வெட்டி எடுத்தார்கள். பெண் பிள்ளை. ஆயிரத்து நூறு கிராம். அரிசிப் பையைத் தூக்கி மடியில் வைத்துப் பார்த்தேன், ஒரு கிலோவும் ஒரு பிடியும் எவ்வளவு என்று. பிறகு திருப்பி வைத்துவிட்டேன்.

உயிரோடு இருக்கிறது. அழவில்லை. தொண்டைக்குள் குழாய், குழாய் இருந்தால் சத்தம் வராதாம். எனவே நேர்த்தி முடியவில்லை. குணா கணக்காய் இருக்கிறான், பிறந்தது காணாது, அழ வேண்டும்.

கிருனாவுக்குப் போய் விமானம் ஏறப் புறப்பட்டான். பையை அடுக்கியும் விட்டான். மலர் போனில் கத்தினாள். "இருமலோட வந்து என்ன செய்யப்போறியள்? வாசலுக்குள்ளயும் விடமாட்டினம். தாயையும் தகப்பனையும் தவிர ஒருத்தருக்கும் அனுமதி இல்லை." பையைத் திரும்ப அவிழ்த்தான். விரதக் குளிப்பில் வந்த இருமல் அவனைப் பிள்ளையிடம் போகவிடாமல் மறிக்கிறது. இதை நான் அவனுக்குச் சொல்லவில்லை. அவனுக்கே தெரிந்திருக்கும்.

ரூபன் வண்டியைத் தெற்கே திருப்பினான்.

பத்து மணிக்குக் குணா வந்து என் முன்னால் இருந்தான். கண் சிவந்திருந்தது.

"யோசிச்சுப் பாத்தனான் சீலன். ராவு முழுக்க யோசிச்சனான். விரதத்தில நான் ஒரு பிழையும் விடேல்லை. ஒண்டே ஒண்டுதான். செவ்வாய்க்கிழமையும் அதுவுமா அன்னத்தைக் காட்டுக்குள்ள கொட்டினனான். உன்னை அப்பிடிச் சொன்னனான். அதுதான் பிள்ளையில இறங்கினது."

நான் அரிசிப் பையின் வாயை முடிந்தேன்.

"என்னை மன்னிச்சுக்கொள்ளு மச்சான். வாயைத் திறந்து மன்னிச்சன் எண்டு சொல்லு. சொன்னாத்தான் பலிக்கும்."

ரூபன் ஸ்ரியறிங்கைப் பிடித்தபடி ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மன்னிச்சன்" என்றேன்.

அவன் என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். மீன் வாசம் அடிக்கிற கை.

ஜூன் 13, வெள்ளி. காட்டுக்குள் ஒரு தரிப்பிடம்.

வெயில், புழுக்கம். பிள்ளைக்கு இன்று மூச்சு இரண்டு தடவை நின்று வந்தது. மருமகன் செய்தி அனுப்பினான், டொக்டர்மார் இது வழமை என்றார்களாம். குணா அந்தச் செய்தியைப் பதினைந்து தடவையாவது வாசித்திருப்பான்.

மத்தியானம் அவன் போட்டிருந்த சேட்டைக் கழற்றினான், வலைத் தொப்பியையும் கழற்றி வைத்தான், வெளியே இறங்கிப்போய்ச் சதுப்பு ஓரம் ஒரு கல்லில் இருந்தான். நுளம்பு புகை மாதிரி எழும்பியது. அவன் கையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தான். காவடி எடுக்க இங்கே வழியில்லை, அதனால் இது.

நான் வலை போட்ட யன்னலுக்குள்ளால் பார்த்தேன். பத்து நிமிடம். முதுகு கறுத்துவிட்டது. கால் மணித்தியாலம்.

"கூப்பிடடா அவனை" என்றேன்.

"நீ போய்க் கூப்பிடு" என்றான் ரூபன். "போய், எழும்படா, பிழை விட்டது நீ இல்லை எண்டு சொல்லு. சொல்லுவியா?"

போகவில்லை. அரை மணித்தியாலம் முடிய அவனே வந்தான். கண் இமை வீங்கி மூடிவிட்டது. காதுமடல் இரண்டு மடங்கு. நான் வெங்காயம் வெட்டி முதுகில் தேய்த்துவிட்டேன். "நல்ல கையடா உனக்கு" என்றான்.

எனக்கு அவனில் கோபம் வந்தது. உண்மையில் வந்தது. கேட்காமல் விட்டிருக்கலாம். என் கையால் சோயாமீற் கேட்காமல் விட்டிருக்கலாம்.

ஜூன் 14, சனி. ஓட்டம்.

சாம்பல் வானம். எழுநூறு கிலோமீட்டர். கக்கூஸ் தொட்டி வெளியேற்றியது: நான். தண்ணீர்: நான். இப்போது எல்லாம் நானே செய்கிறேன். ரூபன் கவனித்துவிட்டான்.

தொட்டியைக் கழுவுகிற இடத்தில் வைத்துச் சொன்னேன். "சொல்லப்போறன் ரூபன். அவன் தன்னைத்தானே தின்னுறான்."

"உன்ர நெஞ்சு இலேசாகிறதுக்கு அவன்ர நெஞ்சில பாறாங்கல்லைத் தூக்கி வைக்கப்போறியோ? வாயைத் திறந்தியெண்டா உன்னை இஞ்சயே இறக்கிவிட்டிட்டுப் போயிடுவன்."

"நீயும் சிரிச்சனிதானே."

"ஓம். சிரிச்சனான். அதுதான் வாயை மூடிக்கொண்டு ஓட்டுறன்."

எனக்கு இந்த நேர்த்தியில் நம்பிக்கை கிடையாது. பன்னீர்க்குடம் சோயாமீற்றுக்கு உடையாது. மான் இறைச்சிக்கும் உடையாது. இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளித் தின்றதுக்கு நிச்சயமாய் உடையாது. இதை நேற்று முழுக்க எனக்குள் சொன்னேன். ஒரு மணிக்குத் தின்றான், இரண்டு மணிக்கு உடைந்தது. இதையும் சொன்னேன்.

பிள்ளைக்கு இன்று பரவாயில்லை. மூச்சு நிற்கவில்லை.

ஜூன் 15, ஞாயிறு. ஸ்வீடன், தெற்கு.

வெளிச்சமான நாள். மத்தியானம் பன்னிரண்டு இருபதுக்கு வந்தது. ஒன்பது செக்கன் படம். குழாயைக் கழற்றிவிட்டார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் சிவப்பாய் ஒரு சின்ன உருவம், தலையில் மஞ்சள் தொப்பி. வாயைத் திறந்தது. பூனைக்குட்டியின் சத்தம்.

குணா வண்டியை நிற்பாட்டச் சொல்லி இறங்கி, ரோட்டோரம் விழுந்து கும்பிட்டான். எங்களுக்குப் பின்னால் வந்த லொறிக்காரன் யாரோ செத்துப்போனதாக நினைத்து மெதுவாக்கிக் கேட்டான். ரூபன் ஜெர்மனிலும் இங்கிலிஷிலும் விளங்கப்படுத்தினான். ஸ்வீடன்காரன் இறங்கி வந்து கை கொடுத்தான்.

அந்த ஒன்பது செக்கனைப் பிறகு ஒரு ஐம்பது தடவை கேட்டோம். எனக்கும் கண் கலங்கியது. இனிச் சொல்ல வேண்டியதில்லை. எல்லாம் நல்லபடி முடிந்தது. பிள்ளை பிழைத்தது, நானும் பிழைத்தேன்.

"விரதம் காத்துப்போட்டுது" என்றான் குணா. "பிழை விட்டும் காத்துப்போட்டுது. நீ மன்னிச்சதாலதான் சீலன்."

நாளைக்கு மச்சம் தின்று விரதத்தை முடிக்கப்போகிறானாம். இன்றைக்குச் சைவம், முருகனுக்கு நன்றியாக. நாளையை விட்டால் செவ்வாய், அது கூடாது. எனவே நாளை.

"ஐஸ்பெட்டிக்குள்ள அந்த மான் கிடக்கெல்லே? அதைக் காய்ச்சு. நான் வாழ்க்கையில மான் திண்டதில்லை. உன்ர கையால, என்ர சட்டியில. இனி அது எல்லாருக்கும் பொதுச் சட்டி."

ரூபன் இருமினான்.

ஜூன் 16, திங்கள். ஃபேமார்ன், ஜெர்மனி.

காற்று. கப்பலால் இறங்கிக் கடற்கரைத் தரிப்பிடத்தில் நிறுத்தினோம். பக்கத்து வண்டியில் ஒரு வயதான ஜெர்மன் சோடி, மடிப்புக் கதிரையில் இருந்து குறுக்கெழுத்துப் போடுகிறார்கள்.

பதினொரு மணிக்குச் சமைக்கத் தொடங்கினேன். வேறு மாதிரிச் செய்தேன். பெருஞ்சீரகம் இல்லை. உள்ளி கொஞ்சம். தூளுக்குப் பதில் மிளகும் தேங்காய்ப்பாலும். இது காய்ந்தது இல்லை, பச்சை இறைச்சி, பெரிய துண்டு. மணமே வேறு. ரூபன் மூக்கை நீட்டிப் பார்த்துத் தலையாட்டினான். குணாவுக்குப் பிடிபடாது என்ற அர்த்தத்தில்.

குணா குளித்து, விபூதி பூசி, வேட்டி கட்டி வந்து இருந்தான். வீக்கம் வற்றியிருந்தது. நான் முதல் துண்டை வைத்தேன். கும்பிட்டுவிட்டு வாயில் போட்டான்.

மென்றான். "பஞ்சு மாதிரி" என்றான். இரண்டாவது துண்டு. ரூபனுக்குத் தர்சினியின் சின்ன வயதுக் கதை ஒன்று சொல்லத் தொடங்கினான். மூன்றாவது துண்டு.

கதையின் நடுவில் நாக்கு வலப்பக்கக் கடைவாய்க்குப் போனது. கன்னம் உள்ளிருந்து புடைத்தது. கதை நின்றது. விரலை விட்டான். ஒரு நாரை இழுத்து எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். பிறகு கோப்பையைக் குனிந்து மணந்தான். நாலாவது துண்டை வாயில் போட்டு மிக மெதுவாய் மென்றான், கண்ணை மூடிக்கொண்டு.

"இதை நான் திண்டிருக்கிறன்."

பக்கத்து வண்டிக் கிழவி புருசனிடம் ஏதோ ஆற்றின் பெயர் கேட்டாள், ஐந்து எழுத்து.

"எண்டைக்கு, சீலன்?"

புதன் என்று சொன்னால் பன்னீர்க்குடம். வியாழன் என்றால் வெட்டி எடுத்த நாள். வெள்ளி என்றால் மூச்சு நின்ற நாள். தேடினேன். பிள்ளைக்கு ஒன்றும் நடக்காத ஒரு நாள் வேண்டும்.

"செவ்வாய்" என்றேன்.

"செவ்வாய்க்கிழமை நான் பருப்பைக் கொட்டினனான். பாண்தான் திண்டனான்."

போனை எடுத்தான். எண்ணெய்க் கையால் தள்ளினான். பருப்பு, பருப்பு, கத்தரிக்காய், பாண் தின்ற இரவுக்குப் படம் இல்லை. பிறகு அந்தப் படம். மண்ணிறக் கறி, சோறு, ஓரத்தில் அகப்பையோடு ஒரு கை. கையில் என் மணிக்கூடு. படத்துக்குக் கீழே நேரம். ஒன்று பத்து.

பார்த்துக்கொண்டே இருந்தான். ரூபன் எழும்பிக் கதவுப் பக்கம் போனான், இறங்கவில்லை.

"நுளம்புக்குள்ள இருக்கேக்க பாத்துக்கொண்டு நிண்டனியோ?"

"ஓம்."

"மன்னிச்சன் எண்டு சொன்னனி."

"ஓம்."

தலையை ஆட்டினான். எனக்கு அடித்திருக்கலாம், சட்டியைத் தூக்கி எறிந்திருக்கலாம். நான் காத்திருந்தேன். அவன் தர்சினியின் பெயரை அமத்தி, சத்தத்தைக் கூட்டி, போனை மேசையில் என் பக்கம் தள்ளினான்.

"நீயே பிள்ளைக்குச் சொல்லு."

இரண்டாவது மணியில் எடுத்தாள். "அப்பா?"

"சீலன் மாமா, பிள்ளை."

"மாமா." குரல் நலிந்து, சந்தோசமாய் இருந்தது. பின்னால் ஏதோ மிசின் பீப் பீப் என்றது. "அப்பா இண்டைக்குச் சாப்பிட்டவரோ? படம் இன்னும் வரேல்லை. நானும் அம்மாவும் பாத்துக்கொண்டு இருக்கிறம்."

குணா என்னையே பார்த்தான்.

"இப்பதான் பிள்ளை" என்றேன். "இப்பதான் முதல் வாய் வைச்சவர்."

"எப்பிடி இருக்காம்?"

"நல்லா இருக்காம்."

"படத்தை அனுப்பச் சொல்லுங்கோ மாமா."

வைத்துவிட்டாள். குணா கையை வேட்டியில் துடைத்துவிட்டுப் போனை எடுத்தான். கோப்பையைக் கொஞ்சம் வெளிச்சத்துக்குத் திருப்பினான்.

"அகப்பையை எடு" என்றான். "கையை வை. அண்டைக்கு மாதிரி."

வைத்தேன். மணிக்கூடு படத்துக்குள் வரும்வரை அவன் காத்திருந்தான். எடுத்தான். அனுப்பினான்.

சிவப்பு இதயம் வந்தது. அதைத் திருப்பி எனக்குக் காட்டினான்.